பூண்டின் மென்னழுகலுக்குக் காரணமான பாக்டீரியாவை இனங்காணுதல்: இராமநாதபுரம் கடற்கரை ஆய்வகங்களுக்கான முழுமையான வழிகாட்டி

இராமநாதபுரம் கடற்கரையில் பூண்டு வணிகப் பயிராக விளைவதில்லை. கரையோர மணலில் தென்னையும் பனையும், உள்ளே கரிசலில் முண்டு மிளகாயும் பருத்தியும் விளையும் மாவட்டம் இது. கீழக்கரை, மண்டபம், இராமேசுவரம், தொண்டி ஆகிய ஊர்களின் கடைகளில் விற்கும் பூண்டு, கொடைக்கானல் மேல்மலையின் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி போன்ற கிராமங்களில் விளைந்து வடுகபட்டிச் சந்தை வழியாகவோ, மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர், நீமச் பகுதிகளில் விளைந்து பெருநகர மண்டிகள் வழியாகவோ வந்து சேர்கிறது. இங்குள்ள கிட்டங்கிகளில் சில வாரங்கள் அடுக்கி வைத்த மூட்டைகளில், குறிப்பாக ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில், பல் கொழகொழவென்று ஆகி, நீர் கசிந்து, ஈ மொய்ப்பதை வணிகர்கள் எல்லோரும் அறிவர். அதற்கு அவர்கள் சொல்லும் காரணம் கடற்காற்று. கடற்காற்றின் ஈரப்பதம் அழுகலை விரைவுபடுத்துகிறது என்பது உண்மையே. ஆனால் அழுக வைப்பது காற்றன்று, பாக்டீரியா. எந்த பாக்டீரியா என்று தெரியாத வரை, குற்றம் வயலில் நடந்ததா, லாரியில் நடந்ததா, கிட்டங்கியில் நடந்ததா என்று யாராலும் சொல்ல இயலாது.

இவ்வழிகாட்டி, அடிப்படை நுண்ணுயிரியல் வசதிகள் உள்ள கல்லூரி ஆய்வகங்களுக்கும், பயிர்நோய்க் கூறுகளை ஆராயும் மாணவர்களுக்கும் உரியது. இதில் நான் அழுத்தமாக வலியுறுத்துவது ஒன்றுதான்: அழுகிய பல்லிலிருந்து வளர்ந்து வந்த பாக்டீரியா எதுவாயினும், நலமான பூண்டுப் பல்லை அது அழுகச் செய்வதைக் கண்ணால் கண்ட பின்னரே அதை நோய்க்காரணி என்று பெயரிட வேண்டும். மற்றப் பயிர்களுக்கும் இது விதிதான். பூண்டில் இது இன்னும் கட்டாயமாவதற்குக் காரணம், பூண்டே ஒரு கிருமிநாசினி என்பதாகும். அது உண்மையான நோய்க்காரணியைச் சில நேரம் ஆய்வகத்தின் வளர்ப்புத் தட்டில் வளரவிடாமல் மறைக்கும், தாங்கும் திறனுள்ள வேறொன்றை முன்னால் நிறுத்தும்.

தேட வேண்டிய பாக்டீரியாக்கள்

மென்னழுகல் என்பது ஒரே பாக்டீரியாவின் நோயன்று. செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் பெக்டின் அடுக்கை நொதிகளால் கரைக்கும் திறன் பெற்ற பல பேரினங்கள் இதைச் செய்யக்கூடும். முதன்மையானது பெக்டோபாக்டீரியம். இதை அமெரிக்க ஆய்வாளர் எல். ஆர். ஜோன்ஸ் 1901-இல் அழுகிய கேரட்டிலிருந்து பிரித்துப் பேசில்லஸ் கரோட்டோவோரஸ் என்று விவரித்தார். பின்னர் அது நெடுங்காலம் எர்வீனியா என்ற பேரினத்தில் இருந்தது. 1998-இல் பெக்டோபாக்டீரியம் என்ற பெயர் மீண்டும் நிலைநிறுத்தப்பட்டது. எர்வீனியா கிரைசாந்திமி என்று அழைக்கப்பட்ட அதன் உறவினம் 2005-இல் டிக்கேயா என்ற தனிப் பேரினமாயிற்று. பழைய பாடநூல்களைக் கொண்டு பணிபுரியும் மாணவர்கள் இப்பெயர் மாற்றங்களை அறிந்திருப்பது அவசியம், இல்லையேல் ஒரே உயிரியை இரண்டாக எண்ணிவிடுவர்.

இவற்றுக்கு அடுத்து ஒளிரும் சூடோமோனாஸ்கள் வருகின்றன. அவற்றுள் சூடோமோனாஸ் மார்ஜினாலிஸ் பெக்டினைக் கரைக்கும். பிரான்சில் பூண்டின் இலையுறைகளில் பால்காப்பி நிறக் கறைகளை உண்டாக்கும் நோயிலிருந்து சூடோமோனாஸ் சாலமோனியை என்ற இனம் 2002-இல் விவரிக்கப்பட்டது. வெங்காயக் குடும்பத்துக்கே உரிய பகைவர்களாக பர்க்ஹோல்டெரியா செபாசியா, பர்க்ஹோல்டெரியா கிளாடியோலி, பான்டோயா அனனாட்டிஸ், என்டெரோபாக்டர் குளோவாக்கே ஆகியவை உள்ளன. செபாசியா 1950-இல் வெங்காயத்தின் புளித்த அழுகலிலிருந்தே முதன்முதலில் விவரிக்கப்பட்டது. கடைசியில் சொன்ன நான்கும் பலவீனமான மனிதர்களிடமும் தொற்றை உண்டாக்கக்கூடியவை. எனவே நுரையீரல் நோயுள்ளவர்களும் நோயெதிர்ப்புக் குறைந்தவர்களும் இப்பணியில் ஈடுபடலாகாது.

முதல் படி: பாக்டீரியா அல்லாதவற்றை விலக்குதல்

மென்மையாக இருப்பதெல்லாம் மென்னழுகல் ஆகாது. பல்லின் தோலை மெதுவாக உரித்து, நல்ல வெளிச்சத்தில் கைவில்லையால் பாருங்கள். நீலப்பச்சைத் தூள் தென்பட்டால் பெனிசீலியம், தோலுக்கடியில் கரும்பொடி தென்பட்டால் ஆஸ்பர்ஜில்லஸ் நைகர், வேர்த்தட்டிலிருந்து மேலேறும் வெளிர் இளஞ்சிவப்புப் பூசண இழைகள் தென்பட்டால் பியூசேரியம், கசகசாவை ஒத்த கருமையான பூசண மணிகள் வெண்ணிழைகளுக்கிடையே தென்பட்டால் வெண்ணழுகல் என்று முதற்கணிப்புச் செய்யலாம். அடித்தட்டு பஞ்சுபோல் தளர்ந்து எளிதில் பெயர்ந்து வந்தால் தண்டு நூற்புழுவையும், பற்களுக்கிடையே வெண்முத்துப்போன்ற சிறு உயிர்கள் ஊர்ந்தால் குமிழ்ச் சிலந்திப் பேனையும் ஐயுற வேண்டும். இவ்விரண்டும் தாமே அழுகலை முழுமையாக்குவதில்லை, பாக்டீரியாவுக்கு வாயில் திறந்து கொடுக்கின்றன.

நமது கடற்கரையில் அதிகம் ஏமாற்றுவது மெழுகுச் சிதைவு எனப்படும் உடலியல் கோளாறு. பல் முதலில் வெளிர்மஞ்சளாகிச் சற்றுக் குழிந்து, பின்பு தேன் நிறத்தில் ஒளி ஊடுருவும் மெழுகுபோல் ஆகிவிடும். அறுவடைக்கு முந்தைய வெப்பமும், சேமிப்பிலும் பயணத்திலும் ஏற்படும் காற்றோட்டக் குறைவும் இதற்குக் காரணங்கள். இதில் அழுகல் நாற்றம் இராது, சீழ் போன்ற கசிவும் இராது. தார்ப்பாய் இறுக மூடிய லாரியில் வெயிலில் வந்த மூட்டைகளில் இதை எதிர்பார்க்கலாம். இதை மென்னழுகல் என்று நினைத்து பாக்டீரியாவைத் தேடினால், பல்லின் மேற்பரப்பில் வாழும் ஏதோ ஒன்று தட்டில் வளரும், அறிக்கை முழுவதும் தவறாகிவிடும்.

உண்மையான மென்னழுகலில் பல் நீர்கோத்து, பழுப்பு அல்லது பாலேட்டு நிறமாகி, விரலால் அழுத்தினால் உருவழிந்து வழியும். நாற்றத்தைக் கொண்டு இனம் சொல்ல முயல வேண்டாம். பர்க்ஹோல்டெரியாவின் அழுகல் வினிகர் போலப் புளிக்கும் என்பது மெய்யே. ஆயினும் கருவாட்டு மூட்டைகளும் பூண்டு மூட்டைகளும் ஒரே கூரைக்கு அடியில் கிடக்கும் கிட்டங்கிகளில் மூக்கை நம்ப இயலாது.

இந்நிலையில் கசிவுச் சோதனை ஒன்று போதும். அழுகிய பகுதியும் நலமான பகுதியும் சேரும் விளிம்பிலிருந்து மெல்லிய சீவல் ஒன்றை எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒரு துளி நீரில் வைத்து, மூடுதகட்டால் மூடி, 100 முதல் 400 மடங்கு உருப்பெருக்கத்தில் பாருங்கள். சீவலின் ஓரத்திலிருந்து பால்போன்ற கலங்கல் வெளியேறினால் பாக்டீரியா பெருமளவில் உண்டு என்று பொருள். எது என்று அது சொல்லாது.

இரண்டாம் படி: மாதிரி எடுத்தல்

முழுவதும் அழுகிய பல்லை எடுப்பதே மாணவர்கள் பெரும்பாலும் செய்வது. ஆய்வுக்கு அது ஏறத்தாழப் பயனற்றது. அழுகல் முற்றிய திசுவில் பிற்காலத்தில் குடியேறிய, இறந்த திசுவை உண்டு வாழும் சாறுண்ணி பாக்டீரியாக்களே மிகுந்திருக்கும். கால்பங்கு மட்டும் பழுதான பற்களைத் தேடுங்கள். ஒரே மூட்டையிலிருந்து அத்தகைய பற்கள் ஐந்தாறையும், அவற்றோடு எக்குறியும் இல்லாத நலமான பற்கள் ஐந்தாறையும் தனித்தனியே எடுங்கள். நலமான பற்களை ஒப்பீட்டுக்கு எடுப்பதைப் பலர் விட்டுவிடுகின்றனர். பூண்டின் உள்ளேயே தீங்கின்றி வாழும் பாக்டீரியாக்கள் உண்டு, பான்டோயாவின் சில வகைகள் அவற்றில் அடங்கும். நலமான பல்லிலும் அதே அளவில் கிடைக்கும் ஒன்றை அழுகலின் காரணி என்று சொல்வதற்கு முன் பலமுறை யோசிக்க வேண்டும்.

மாதிரிகளைத் தாள் உறையில் இடுங்கள். பாலித்தீன் பை ஈரத்தை உள்ளே தேக்கி, வழியிலேயே இரண்டாம்நிலை அழுகலைத் தொடங்கி வைக்கும். உறையின் மேல் பூண்டு விளைந்த இடம், மலைப்பூண்டா நாட்டுப்பூண்டா என்பது, வாங்கிய சந்தை, கிட்டங்கிக்கு வந்த நாள், மூட்டை தரையில் இருந்ததா பலகை மேல் இருந்ததா, கூரை ஒழுகுமா என்பன யாவும் எழுதப்பட வேண்டும். மாதிரியை 4 டிகிரி செல்சியஸில் வைத்து, 48 மணி நேரத்துக்குள் ஆய்வைத் தொடங்குங்கள். கிட்டங்கியில் பறக்கும் பழ ஈக்களைச் சிறு புட்டியில் பிடித்து வருவதும் நல்லது, மென்னழுகல் பாக்டீரியாவை அவை காலிலும் குடலிலும் சுமந்து செல்கின்றன.

மேல்மலைக்கே சென்று வயலில் மாதிரி எடுக்கும் வாய்ப்புக் கிடைப்பவர்கள், நுனியிலிருந்து மஞ்சளாகும் இலைகள், கழுத்துப் பகுதியின் தளர்ச்சி, இலையுறையில் நீர்கோத்த கோடுகள் ஆகியவற்றைக் கொண்ட செடிகளை மண்ணோடு எடுத்து வர வேண்டும்.

மூன்றாம் படி: பிரித்தெடுத்தல்

நலமான பூண்டில் அல்லியின் என்ற கந்தகச் சேர்மம் ஓரிடத்திலும், அல்லினேஸ் என்ற நொதி வேறிடத்திலும் இருக்கின்றன. பல் நசுங்கும்போது இரண்டும் கலந்து, சில நொடிகளில் அல்லிசின் உருவாகிறது. சமையலறையில் நாம் அறியும் பூண்டு மணம் அதனுடையது. 1944-இல் கவல்லிட்டோவும் பெய்லியும் அதைப் பிரித்தெடுத்து, பாக்டீரியாக்களைக் கொல்லும் அதன் திறனைக் காட்டினர். ஆகவே வேறு காய்கறிகளுக்குச் செய்வதுபோல் பூண்டுப் பல்லை உரலில் இட்டு நன்கு அரைத்து நீரில் கரைப்பது, தேட வந்த பாக்டீரியாவை நம் கையாலேயே கொல்வதாகும். அல்லிசினைத் தாங்கும் மரபணுத் தொகுப்புகள் சில பான்டோயா, பர்க்ஹோல்டெரியா, சூடோமோனாஸ் வகைகளில் கண்டறியப்பட்டுள்ளன. அரைத்த கரைசலில் இவை மட்டும் பிழைத்துத் தட்டு முழுவதும் பரவினால், ஆய்வாளர் இவற்றையே குற்றவாளி என்று எழுதிவிட நேரும்.

எனவே பின்வருமாறு செய்யுங்கள். வெளித்தோலை 70 விழுக்காடு எத்தனாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, கிருமிநீக்கிய இடுக்கியால் உரியுங்கள். அழுகிய திசுவை ஹைப்போகுளோரைட்டில் மூழ்க வைக்க வேண்டாம், கரைந்த திசுவின் உள்ளே அது எளிதில் புகுந்து பாக்டீரியாவைக் கொன்றுவிடும். உரித்த பல்லின் நலமான பக்கத்தை மட்டும் எத்தனாலால் துடைத்துவிட்டு, புதிய கத்தியால் விளிம்புப் பகுதியில் 3 அல்லது 4 மில்லிமீட்டர் அளவுள்ள துண்டுகளை அழுத்தாமல் வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டையும் 0.85 விழுக்காடு உப்புக் கரைசல் 1 மி.லி. உள்ள குழாயில் இட்டு, நசுக்காமல் 15 நிமிடம் அப்படியே விடுங்கள். பாக்டீரியா தானே நீரில் கசிந்து வரும். உடனே ஒன்றுக்குப் பத்தாகத் தொடர்ந்து ஆறு முறை நீர்த்துப்போகச் செய்யுங்கள். நீர்க்க நீர்க்க அல்லிசினும் வலுவிழக்கும். பாக்டீரியா பெருமளவில் இருப்பதால் நான்காம், ஐந்தாம், ஆறாம் நீர்ப்புகளிலும் போதிய காலனிகள் (தட்டில் கண்ணுக்குத் தெரியும் பாக்டீரியாத் திரள்கள்) கிடைக்கும்.

ஐயம் இருப்பின் மற்றொரு தொகுதியை 0.5 விழுக்காடு பொட்டாசியம் சல்பைட்டு சேர்த்த கரைசலில் இணையாகச் செய்து ஒப்பிடலாம். பூண்டுத் தூளில் சால்மோனெல்லாவைத் தேடும் உணவு ஆய்வகங்கள், பூண்டின் கிருமிக்கொல்லித் தன்மையை மட்டுப்படுத்த வளர்ப்புக் குழம்பில் இதையே சேர்க்கின்றன. இரு தொகுதிகளிலும் காலனிகளின் எண்ணிக்கை பெரிதும் வேறுபட்டால், உங்கள் வெட்டும் முறையில் திசு அதிகமாக நசுங்குகிறது என்று அறியலாம்.

நீரைப் பற்றி இப்பகுதியினருக்குத் தனியே சொல்ல வேண்டியுள்ளது. ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பானது, காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய் நீரில் கிருமிநீக்கக் குளோரின் எஞ்சியிருக்கும். இரண்டுமே பாக்டீரியாவை வளர்க்கும் ஊடகத்துக்கும் நீர்ப்புக்கும் ஆகாதவை. காய்ச்சி வடித்த நீர் மட்டுமே பயன்பட வேண்டும். நீரில் இரும்பு இருந்தால் சூடோமோனாஸின் ஒளிரும் நிறமி உருவாகாமல் போய், அதை வேறொன்றாக எண்ண நேரும்.

ஒவ்வொரு நீர்ப்பிலிருந்தும் 0.1 மி.லி. எடுத்து மூன்று ஊடகங்களில் பரப்புங்கள். அவை ஊட்ட அகார், கிங்ஸ் பி அகார், கிரிஸ்டல் வயலெட் பெக்டேட் அகார் ஆகியன. மூன்றாவது ஊடகமே இப்பணியின் உயிர். பெக்டினைக் கரைக்கும் பாக்டீரியா அதில் வளரும் இடமெல்லாம் கிண்ணம்போன்ற பள்ளம் விழும். பெக்டோபாக்டீரியமும் டிக்கேயாவும் 24 முதல் 48 மணி நேரத்தில் ஆழமான பள்ளங்களை ஏற்படுத்தும், சூடோமோனாஸின் பள்ளங்கள் பெரும்பாலும் ஆழம் குறைந்தவை. கிரிஸ்டல் வயலெட் சாயம், பேசில்லஸ் போன்ற கிராம் நேர் (கிராம் சாயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்) பாக்டீரியாக்களைத் தடுக்கிறது. பள்ளம் ஏற்படுத்தாத பான்டோயாவும் பர்க்ஹோல்டெரியாவும் விடுபடாதிருக்கவே மற்ற இரு ஊடகங்களும் தேவைப்படுகின்றன.

கடலோரக் காற்றின் ஈரம் தட்டுகளின் மூடியில் நீர்த்துளிகளாகச் சேர்ந்து, காலனிகளை ஒன்றோடொன்று கலக்கச் செய்யும். பரப்புவதற்கு முன் தட்டுகளைக் கவிழ்த்து, மூடியைச் சற்றே விலக்கி, சுத்தக்காற்றுப் பெட்டியில் அரை மணி நேரம் உலர்த்துங்கள். பிறகு 28 டிகிரி செல்சியஸில் தலைகீழாக வைத்து வளருங்கள். முதல் நாளிலேயே முடிவெடுக்க வேண்டாம், பர்க்ஹோல்டெரியாவுக்கு 48 முதல் 72 மணி நேரம் தேவைப்படலாம்.

தட்டில் தெரியும் ஒவ்வொரு வகைக் காலனியின் நிறம், ஓரம், பளபளப்பு ஆகியவற்றையும் எண்ணிக்கையையும் பதியுங்கள். மிகுதியாக உள்ள வகைகளிலிருந்தும், பள்ளம் விழச் செய்த எல்லா வகைகளிலிருந்தும் தேர்ந்து, ஒவ்வொன்றையும் குறைந்தது இரண்டு முறை மீண்டும் கீறி வளர்த்துத் தூய்மையாக்குங்கள். தூய்மையற்ற வளர்ப்பில் செய்யும் சோதனைகள் அனைத்தும் வீண்.

நான்காம் படி: அழுகச் செய்யும் திறனைச் சோதித்தல்

வழக்கமான வழிகாட்டிகள் உயிர்வேதியியல் சோதனைகளை முன்னும் நோயுண்டாக்கும் சோதனையைப் பின்னும் வைக்கின்றன. அவ்வரிசையை மாற்றுவதே சிக்கனம் என்பது என் கருத்து. பிரித்த இருபது வளர்ப்புகளில் நான்கே பூண்டை அழுகச் செய்தால், அந்நான்கிற்கு மட்டும் வேதிப்பொருள்களைச் செலவிட்டால் போதும்.

முதலில் உருளைக்கிழங்குச் சீவல்களில் சோதியுங்கள். கழுவி, எத்தனாலால் துடைத்து, தோல் நீக்கி, 7 அல்லது 8 மில்லிமீட்டர் தடிப்பில் வெட்டிய சீவல்களை ஈரமான வடிதாள் விரித்த தட்டில் வைத்து, நடுவே ஒரு சிறு குழி செய்து பாக்டீரியாக் கரைசலை இடுங்கள். 24 முதல் 48 மணி நேரத்தில் சீவல் குழைந்து விரலால் தள்ளக்கூடியதாகிவிட்டால் பெக்டின் கரைக்கும் திறன் உறுதி. இது வடிகட்டும் சோதனை மட்டுமே. உருளைக்கிழங்கை அழுகச் செய்யும் எல்லாமே பூண்டை அழுகச் செய்வதில்லை, உருளையைத் தொடாத பர்க்ஹோல்டெரியா சில வேளை பூண்டை அழிக்கும். எனவே இச்சோதனையில் தோற்றவற்றை உடனே விலக்கிவிட வேண்டாம்.

பூண்டுச் சோதனைக்கு, குறையற்ற முழுப் பற்களைச் சதையில் காயம் படாமல் உரித்து, 1 விழுக்காடு சோடியம் ஹைப்போகுளோரைட்டில் 2 நிமிடம் வைத்து, கிருமிநீக்கிய நீரில் மூன்று முறை அலசி, உலர்த்துங்கள். 24 மணி நேர வளர்ப்பை உப்புக் கரைசலில் கலந்து, மெக்ஃபார்லாண்ட் 0.5 கலங்கலுக்குச் சமமாக்குங்கள். இது ஒரு மி.லி.யில் ஏறத்தாழ 15 கோடி செல்களுக்கு நிகர். நுண்ணூசியால் 5 மில்லிமீட்டர் ஆழத்தில் ஒரே ஒரு துளையிட்டு, 10 மைக்ரோலிட்டர் செலுத்துங்கள். துளையிடும்போதே அல்லிசின் உருவாகும் என்பதால், துளை எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நல்லது. ஒவ்வொரு வளர்ப்புக்கும் ஐந்து பற்கள் வேண்டும். உப்புக் கரைசல் மட்டும் செலுத்திய ஐந்து பற்களும், துளையே இடாத ஐந்து பற்களும் ஒப்பீட்டுக்கு வேண்டும். உப்புக் கரைசல் செலுத்திய பற்களும் அழுகினால் அந்தச் சோதனை முழுவதையும் தள்ளிவிட்டு, வேறு மூட்டைப் பூண்டில் மீண்டும் தொடங்க வேண்டும்.

பற்களை இரண்டு தொகுதிகளாகப் பிரித்து, ஒன்றை 30 டிகிரி செல்சியஸிலும் மற்றொன்றை 18 முதல் 20 டிகிரியிலும் ஈரப்பெட்டியில் வையுங்கள். முதலாவது நம் கிட்டங்கியின் வெப்பம், இரண்டாவது மேல்மலை வயலின் வெப்பத்தை ஒட்டியது. ஐந்து நாள் வரை தினமும் அழுகலின் நீளத்தை அளந்து எழுதுங்கள். 30 டிகிரியில் மட்டும் அழுகினால் ஒரு பொருள், இரண்டிலும் அழுகினால் வேறொரு பொருள். இவ்வேறுபாடு பின்னர் பெரிதும் பயன்படும்.

அழுகிய பற்களிலிருந்து மூன்றாம் படியில் சொன்ன அதே முறையில் பாக்டீரியாவை மீண்டும் பிரித்து, செலுத்தியதும் கிடைத்ததும் ஒன்றே என்று காட்டுங்கள். அப்போதுதான் ராபர்ட் காக் வகுத்த நெறி நிறைவேறும்.

ஐந்தாம் படி: பேரினத்தை அறிதல்

3 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு துளியில் காலனியைக் கலக்கி வளையத்தைத் தூக்கினால், அரை நிமிடத்துக்குள் நூல்போல் இழுபடுவது கிராம் எதிர் பாக்டீரியா. இழுபடாதது பெரும்பாலும் பேசில்லஸ், அதைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, 1953-இல் ஹியூ, லீஃப்சன் ஆகியோர் வகுத்த சர்க்கரைச் சோதனை. ஒரே வளர்ப்பைச் சர்க்கரை ஊடகம் உள்ள இரண்டு குழாய்களில் குத்தி, காற்றுப் புகாதபடி ஒன்றின் மேல் திரவ பாரஃபின் ஊற்றுங்கள். இரண்டுமே மஞ்சளானால் அது உயிர்வளி இன்றியும் சர்க்கரையை நொதிக்கச் செய்வது, திறந்த குழாய் மட்டும் மஞ்சளானால் அது உயிர்வளி கொண்டு மட்டுமே சர்க்கரையைச் சிதைப்பது.

நொதிக்கச் செய்து, ஆக்சிடேஸ் நொதிச் சோதனையில் எதிர்மறையாக இருப்பவை நான்கு: பெக்டோபாக்டீரியம், டிக்கேயா, பான்டோயா, என்டெரோபாக்டர். இவற்றுள் பள்ளம் விழச் செய்பவை முதல் இரண்டு. பள்ளமின்றி மஞ்சள் காலனி தருவது பான்டோயா. மஞ்சளும் இன்றி, ஆர்ஜினின் டைஹைட்ரோலேஸ், வோகஸ்-புரோஸ்காயர் ஆகிய இரு உயிர்வேதியியல் சோதனைகளும் நேர்மறையாக இருப்பது என்டெரோபாக்டர் குளோவாக்கே.

பெக்டோபாக்டீரியத்தையும் டிக்கேயாவையும் பிரிக்க நான்கு சோதனைகளை ஒருசேரச் செய்யுங்கள். டிக்கேயாவின் வளர்ப்பு 15 மைக்ரோகிராம் எரித்ரோமைசின் வில்லையைச் சுற்றி வளராது, இண்டோல் தரும், பாஸ்பட்டேஸ் நேர்மறையாகும், 5 விழுக்காடு சோடியம் குளோரைடில் பெரும்பாலும் வளராது. பெக்டோபாக்டீரியம் கரோட்டோவோரம் நான்கிலும் பொதுவாக நேர்மாறானது. உப்புச் சோதனைக்குக் கடை உப்பையோ உள்ளூர் உப்பளத்து உப்பையோ எடுக்காமல், ஆய்வகத் தர உப்பையே துல்லியமாக எடையிட வேண்டும். கிளிசரால், மாங்கனீஸ் சேர்ந்த ஊட்ட அகாரில் டிக்கேயா கருநீல நிறமியைத் தரும், கண்ணுக்குத் தெளிவான சான்று அது.

உயிர்வளி மட்டும் கொண்டு சர்க்கரையைச் சிதைப்பவற்றில், கிங்ஸ் பி தட்டைப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால் நீலப்பச்சையாக ஒளிர்பவை ஒளிரும் சூடோமோனாஸ்கள். இவற்றுக்கு 1966-இல் வெளியான ஐந்து சோதனைத் தொகுப்பு இன்றும் பயன்படுகிறது: லெவான், ஆக்சிடேஸ், உருளை அழுகல், ஆர்ஜினின் டைஹைட்ரோலேஸ், புகையிலை இலை எதிர்வினை. சூடோமோனாஸ் மார்ஜினாலிஸ் முதல் நான்கிலும் நேர்மறை, ஐந்தாவதில் எதிர்மறை. ஒளிராதவை பெரும்பாலும் பர்க்ஹோல்டெரியா. ஆக்சிடேஸும் லைசின் டீகார்பாக்சிலேஸும் நேர்மறையானால் செபாசியா தொகுதி என்றும், இரண்டும் எதிர்மறையானால் கிளாடியோலி என்றும் கருதலாம்.

ஆறாம் படி: மரபணுச் சான்று

மரபணுத் துண்டைப் பலமடங்காகப் பெருக்கும் பி.சி.ஆர். முறையில், பெக்டோபாக்டீரியத்துக்கு ஒய்1, ஒய்2 என்ற துவக்கிகள் (பெருக்கத்தைத் தொடங்கும் சிறு டி.என்.ஏ. இழைகள்) பெக்டேட் லயேஸ் மரபணுவிலிருந்து 434 கார இணைகள் கொண்ட துண்டைத் தரும். டிக்கேயாவுக்கு ஏ.டி.ஈ.1, ஏ.டி.ஈ.2 துவக்கிகள் 420 கார இணைகள் தரும். இரண்டின் அளவும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், ஒரே குழாயில் இரண்டையும் கலந்து செய்தால் ஜெல்லில் பிரித்தறிய இயலாது. தனித்தனியே செய்யுங்கள். டி.என்.ஏ. இடாத குழாய் ஒன்றும், பெயர் உறுதியாகத் தெரிந்த வகை வளர்ப்பின் டி.என்.ஏ. இட்ட குழாய் ஒன்றும் ஒவ்வொரு முறையும் வேண்டும். அத்தகைய வளர்ப்புகளைச் சண்டிகரில் உள்ள நுண்ணுயிர்த் தொழில்நுட்பக் கழகத்தின் வளர்ப்புக் களஞ்சியத்தில் கேட்டுப் பெறலாம்.

எல்லா பாக்டீரியாக்களிலும் உள்ள 16எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. என்ற மரபணுவின் வரிசையை மட்டும் வெளியிலிருந்து படித்து வாங்கி, தரவுத்தளத்தில் ஒப்பிட்டு, 99 விழுக்காடு பொருந்துகிறது என்பதால் சிற்றினப் பெயரை எழுதிவிடும் வழக்கம் மிகப் பரவியுள்ளது. பேரினத்தைச் சொல்ல அது போதும். பெக்டோபாக்டீரியத்தின் சிற்றினங்களை அது பிரிக்காது. கரோட்டோவோரம் என்று ஒன்றாக இருந்தது இப்போது பிரேசிலியன்ஸே, ஓடோரிஃபெரம், வெர்சடைல் எனப் பலவாகப் பிரிந்துவிட்டது. சிற்றினம் சொல்ல வேண்டுமெனில் ஜி.ஒய்.ஆர்.பி., ஆர்.இ.சி.ஏ., டி.என்.ஏ.எக்ஸ். போன்ற மரபணுக்களில் இரண்டு மூன்றையாவது படித்து, வகை வளர்ப்புகளோடு சேர்த்து மரபுக்கிளை வரைய வேண்டும். முழு மரபணுத்தொகையைப் படிக்க வாய்ப்பிருந்தால், இரு மரபணுத்தொகைகளின் சராசரி ஒற்றுமை 95 முதல் 96 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதே ஒரே சிற்றினம் என்பதற்கான எல்லை. இவ்வசதி இல்லாத ஆய்வகம், பெக்டோபாக்டீரியம் பேரினம் என்று எழுதி நிறுத்திக்கொள்வது குறையன்று.

ஏழாம் படி: முடிவைப் பொருள்கொள்ளுதல்

வணிகருக்கும் விவசாயிக்கும் தேவைப்படுவது இப்பகுதிதான். 30 டிகிரியில் விரைந்தும் 20 டிகிரியில் மெதுவாகவும் அழுகச் செய்யும் பெக்டோபாக்டீரியம் கிடைத்தால், காயமும் ஈரமும் வெப்பமும் சேர்ந்ததே காரணம். மூட்டைகளைத் தரையிலிருந்து உயர்த்தி, நனைந்த சாக்கை மாற்றி, அடிபட்ட முழுப்பூண்டுகளை வந்த அன்றே பிரித்து விற்பது பயன் தரும். சூடோமோனாஸ் மார்ஜினாலிஸ் கிடைத்தால், குளிரிலும் வளரக்கூடிய அது பெரும்பாலும் மலையின் ஈரமான வயலிலிருந்து வந்தது என்று ஐயுறலாம், சாதாரணக் குளிர்ப்பெட்டியில் வைப்பதால் மட்டும் அது நிற்காது. என்டெரோபாக்டரும் பர்க்ஹோல்டெரியாவும் வெப்பத்தில் ஓங்குபவை. அவை மிகுந்திருந்தால் பயணத்தின்போதும் கிட்டங்கியிலும் இருந்த வெப்பத்தை விசாரிக்க வேண்டும். விளைந்த இடத்தில் நன்கு உலர்த்தப்படாமல் கழுத்துப் பச்சையாகவே கட்டப்பட்ட பூண்டில் இவை எல்லாமே எளிதில் நுழையும்.

ஒரே பாக்டீரியா வயலிலிருந்து கிட்டங்கி வரை வந்ததா என்று உறுதியாக அறிய விரும்பினால், பூம்பாறையிலோ மன்னவனூரிலோ எடுத்த வளர்ப்பு, வடுகபட்டிச் சந்தையில் எடுத்த வளர்ப்பு, இங்கே கிடைத்த வளர்ப்பு ஆகியவற்றை ஒவ்வொரு வளர்ப்பின் டி.என்.ஏ.வுக்கும் கைரேகை போன்ற பட்டைக் கோலம் தரும் ஈ.ஆர்.ஐ.சி. அல்லது பாக்ஸ் பி.சி.ஆர். முறையில் ஒரே ஜெல்லில் அருகருகே ஓட்டி, பட்டைக் கோலங்களை ஒப்பிடுங்கள். இனப்பெயர் ஒன்றாயிருப்பது சான்றாகாது, கோலமும் ஒன்றாயிருக்க வேண்டும். கிட்டங்கியின் தரைமண், பழைய சாக்கு, பிடித்த ஈ ஆகியவற்றிலிருந்து கிடைத்த வளர்ப்புகளையும் அதே ஜெல்லில் சேர்த்தால், பழி யார் மேல் என்ற வழக்கு பெருமளவில் தீரும். இத்தகைய ஒப்பீட்டைச் செய்யாமல் மலை விவசாயியின் பூண்டைக் குறை கூறி விலையைக் குறைப்பது அநீதி என்றே நான் கருதுகிறேன்.

பதிவும் சேமிப்பும்

அறிக்கையில் மாதிரியின் வரலாறு, நலமான பற்களில் கிடைத்தவை, பூண்டுச் சோதனையின் அளவுகள், மீளப் பிரித்ததன் முடிவு, பெயர் எந்தச் சான்றின் மேல் நிற்கிறது என்பன இடம்பெற வேண்டும். இரண்டு பாக்டீரியாக்கள் சேர்ந்தே அழுகச் செய்தால், இரண்டையும் தனித்தனியாகவும் கலந்தும் செலுத்திப் பார்த்த முடிவை எழுதுங்கள்.

உறுதிப்பட்ட வளர்ப்புகளை 20 விழுக்காடு கிளிசராலில் கலந்து மைனஸ் 80 டிகிரியில் வைப்பது நல்லது. அவ்வசதி இல்லாதவர்கள் சூடோமோனாஸ், பர்க்ஹோல்டெரியா வளர்ப்புகளைக் கிருமிநீக்கிய காய்ச்சி வடித்த நீரில் இறுக மூடிய குழாய்களில் அறை வெப்பத்திலேயே பல மாதங்கள் காப்பாற்றலாம். பெக்டோபாக்டீரியத்தை நம்பி அவ்வாறு விட வேண்டாம், அதன் படியொன்றை உறைநிலை வசதியுள்ள பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஒப்படையுங்கள். பயன்படுத்திய தட்டுகள், பற்கள், கையுறைகள் யாவற்றையும் 121 டிகிரியில் 20 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்த பிறகே வெளியேற்றுங்கள். அழுகிய பற்களைத் தோட்டத்து எருக்குழியில் கொட்டினால், அருகில் வைத்துள்ள மிளகாய் நாற்றுக்கும் காய்கறிப் பாத்திக்கும் அதே பாக்டீரியா மழைநீரோடு போய்ச் சேரும்.